கத்தி பத்திரமா இருக்குது

ஜோகுபாளையம், பெங்களூர் – 8
11 பிப்ரவரி 1996

அன்புள்ள அக்கா ஆரோக்கியமேரிக்கு,

நாங்கள் சுகம். நீயும் அப்படியே என்று நினைக்கிறேன். மௌரீனுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறி, மாத்திரை மாற்றியிருக்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் குக்ரிக் கத்தி எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் 'கத்தி பத்திரமா இருக்குது' என்று ஒற்றை வரியில் முடித்துவிட்டாய். பத்திரம் என்றால் எப்படிப் பத்திரம்? தோல் உறைக்குள்ளேயே போட்டு வைத்திருந்தால் அது பத்திரமே இல்லை. தோலில் இருக்கிற ஈரம் இரும்பைத் தின்றுவிடும். கத்தியை வெளியே எடுத்துப் பழைய வேட்டித் துணியில் சுற்றி வை, உறையைத் தனியாக வை. தேங்காய் எண்ணெய் போடாதே, பிசுக்கு ஏறும். தையல் மிஷின் எண்ணெய் இரண்டு சொட்டு போதும். பளபளவென்று இருக்கட்டுமே என்று பிராஸோ, சாம்பல், உப்புத்தாள் எதையும் அதன் கிட்டே கொண்டுபோய்விடாதே தாயே. அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை, அதன் வயசு. தேய்த்தால் கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கும் முத்திரை போய்விடும். முத்திரை போனால் அப்புறம் அது கறிக்கடைக் கத்திதான்.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ஒரு அம்புக்குறி இருக்கும், அது பட்டாளத்துச் சொத்து என்பதற்கு அடையாளம். பக்கத்தில் 43 என்று வருஷம். கீழே, செய்த பட்டறையின் எழுத்து. மூன்றும் தெளிவாக இருக்கிற கத்தி சுலபத்தில் கிடைக்காது. என் சுவர் நிறைய குக்ரி மாட்டியிருக்கிறேன், எல்லாம் எவனோ ஒருத்தனுடைய அப்பன் கட்டியது. என் அப்பன் சாப்பர்ஸ் பட்டாளத்தில் பர்மா வரைக்கும் போய், ஒரு கூர்க்கா கையால் வாங்கி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தது மட்டும் உன் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. அப்பா அடக்கத்துக்கு வந்தபோது கேட்டேன். 'பெட்டிச் சாவிய எங்கியோ வச்சிட்டேன்டா' என்றாய். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, சாவி இன்னுமா கிடைக்கவில்லை?

டிசம்பரில் எங்களைப் போலப் பழைய ராணுவச் சாமான் சேர்க்கிறவர்கள் ஒரு கண்காட்சி வைக்கிறோம். அதற்குள் எனக்கு அது வேண்டும். பதில் போடு.

இப்படிக்கு,
நோயல்


சேசு மரி சூசை

சாம்பியன் ரீஃப், கே.ஜி.எஃப்.
21 பிப்ரவரி 1996

என் கண்ணு தம்பி நோயலுக்கு அக்கா எழுதிக்கறது. மாதா புண்ணியத்துல நான் நல்லா இருக்கறேன். நீ, மௌரீன், ரெண்டு பேரும் சுகமா இருக்கணும்னு தினம் ஜெபமாலை சொல்லும்போது உங்க பேரச் சேர்த்துக்கறேன். மௌரீனுக்கு சக்கரைன்னு எழுதினதப் பாத்து மனசு கேக்கல. பாவக்காய நறுக்கி வெயில்ல காயவச்சி வச்சிருக்கேன். இந்த லைன் வீடுங்கள்லருந்து பாதிப் பசங்க தினம் காலை வண்டில பெங்களூருக்குத்தான் வேலைக்கு வராங்க, யார் கையிலாச்சும் குடுத்தனுப்பறேன். வேணாம்னு சொல்லாத.

இங்க மைன்ஸ்ல ஆளக் கொறச்சிகினே வராங்க. நம்ம லைன்ல மூணு வீட்டுக்கு ஒரு வீடு பூட்டிக் கிடக்குது. சாயங்காலமானா தங்கம் எடுத்துட்டுக் கொட்டின சயனைடு மேட்டு மண்ணு காத்துல வந்து வாசலெல்லாம் வெள்ளையா மூடிக்குது, கூட்டினா அடுத்த நாளு மறுபடி. அப்பா இருந்தா திட்டிகினே இருப்பாரு, இப்ப திட்டறதுக்கும் ஆளு இல்ல.

கத்தி பத்திரமா இருக்குது. நீ சொன்ன மாதிரியே மிஷின் எண்ணெ வாங்கியாந்து போடறேன். நீ ஒண்ணும் கவலப்படாத.

உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். போன வருஷம் கல்லறைத் திருநாளைக்கு எல்லார் கல்லறையிலயும் பசங்க, பேரப்பசங்க நின்னுகினு மெழுவத்தி ஏத்திச்சுங்க. அப்பா கல்லறைக்கு நான் ஒருத்தி. சுண்ணாம்பு அடிச்சதும் நானு, பூ போட்டதும் நானு. சாமியாரு தண்ணி தெளிச்சிகினு வந்தவரு 'பையன் வரலியாம்மா'ன்னு கேட்டாரு. 'டூட்டி சாமி'ன்னு சொன்னேன். இந்த வருஷம் நவம்பர் ரெண்டாம் தேதி வாடா. ரயில் ஏறினா மூணு மணி நேரம். காலைல வந்துட்டு சாயங்காலம் போயிடு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.

ஆண்டவர் உன்னக் காப்பாத்தட்டும்.

அக்கா ஆரோக்கியமேரி


ஜோகுபாளையம்
19 மார்ச் 1996

தேசிகன் சாமிக்கு நோயலின் வணக்கம். முழங்கால் எப்படி? மாமி சுகமா? பாக்டரியில் நீங்கள் உட்கார்ந்த அக்கவுண்ட்ஸ் நாற்காலியில் இப்போது ஒரு பொடியன் உட்கார்ந்து எங்கள் பில்லையெல்லாம் கிழிக்கிறான். வெண்டைக்காயைத் தவிர எதையும் வெட்டாத குடும்பத்தில் பிறந்து, குக்ரிக்காகப் பெண்டாட்டி வாயில் இத்தனை பேச்சு வாங்கின மனுஷன் நீங்கள் ஒருத்தர்தான். அதனால் உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும்.

முந்தாநாள் ஞாயிறு, வழக்கம்போலச் சண்டே பஜாருக்குப் போனேன். பழைய சாமான் விற்கிற நம்ம குஜரிக்கார சாய்பு, பழைய பல்புக்கும் பூட்டுக்கும் நடுவில் கிடந்ததை எடுத்து, 'சாப், உங்க மால் ஒண்ணு வந்திருக்கு' என்று நீட்டினார். கையில் வாங்கினதும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அம்புக்குறி, 43, பட்டறை எழுத்து, எல்லாம் சுத்தமாக இருக்கிறது. பிடிக்குக் கீழே இருக்கிற அந்தச் சின்ன வெட்டும் முனை மழுங்காமல் இருக்கிறது. அதெல்லாம் வேறு கத்தியிலும் இருக்கலாம் என்பீர்கள். மரப்பிடியில் இடது பக்கம் ஊசியால் கீறின சிலுவை இருக்கிறது சாமி, அதற்குக் கீழே 'ம.சூ.' மரியசூசை, என் அப்பன். உறையின் அடிப்பக்கம் பித்தளை முனை கழன்று போய், சுரங்கத்து பெல்ட் துண்டை வைத்துத் தைத்திருப்பார், அதுவும் அப்படியே இருக்கிறது. நுனியில் ஒரு நெளிவு. ஏழு வயசில் நான் தெருக் குழாய் மேல் ஓங்கிப் போட்ட போடு அது. அதற்கு அப்பா பெல்ட்டால் விளாசினதில் இரண்டு நாள் மல்லாந்து படுக்கவில்லை.

கே.ஜி.எஃப்.பில் என் அக்கா இருக்கிறாள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, அப்பாவைக் கடைசிவரைக்கும் பார்த்துக்கொண்டவள். அவள் பொறுப்பில்தான் இந்தக் கத்தி இருந்தது. போன மாதம்தான் எழுதினாள், மிஷின் எண்ணெய் வாங்கிப் போடுகிறேன் என்று! எதற்குப் போடுகிறாள்? காலிப் பெட்டிக்கா? எவனிடமோ தள்ளிவிட்டு ஒன்றரை வருஷமாக என்னைக் கூமுட்டையாக்கிக்கொண்டு இருக்கிறாள். ஜெபமாலையில் என் பேரைச் சேர்க்கிறாளாம்.

நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. கத்தி என் சுவரில் இருக்கிறது. அவள் இன்னும் எவ்வளவு தூரம் புளுகுகிறாள் என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
நோயல்


ஜோகுபாளையம்
25 மார்ச் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பாகற்காய் வற்றல் வந்து சேர்ந்தது, மௌரீன் சந்தோஷப்பட்டாள்.

கத்தியைப் பற்றி நீ எழுதியது மனசுக்கு ஆறுதலாக இருந்தது. உன்னைப் போலப் பொறுப்பான அக்கா யாருக்குக் கிடைப்பாள்? ஒரு சின்ன சந்தேகம். அப்பா பிடியில் சிலுவை கீறியிருப்பாரே, அது வலது பக்கமா, இடது பக்கமா? எனக்கு மறந்துவிட்டது. நுனியில் துரு ஏறியிருக்கிறதா? பெல்ட் போட்டுத் தைத்த இடத்தில் நூல் விட்டிருக்கிறதா? அடுத்த தடவை எண்ணெய் போடும்போது கொஞ்சம் பார்த்து எழுது. அவசரமில்லை. ஆனால் பார்த்து எழுது.

அன்புத் தம்பி,
நோயல்


சேசு மரி சூசை

சாம்பியன் ரீஃப்
3 ஏப்ரல் 1996

கண்ணு நோயலுக்கு,

உன் லெட்டர் ரெண்டு மாசத்துக்குள்ள ரெண்டாவது தடவ வந்துதா, தபால்காரரே 'இன்னாம்மா, தம்பி ஞாபகம் வச்சிகினாரு போல'ன்னு சிரிச்சாரு. எனக்கு அன்னிக்கு சோறே வேணாம்னு இருந்துது, அவ்ளோ சந்தோசம். என்ன பொறுப்பானவன்னு எழுதினியே, அத நாலு தரம் படிச்சேன்.

நாளைக்குப் பெரிய வியாழன். கோயில்ல பாதம் கழுவற சடங்குக்கு அப்பா இருந்தவரைக்கும் வருஷா வருஷம் அவரத்தான் கூப்பிடுவாங்க, பட்டாளத்துக்காரருன்னு. உனக்கு ஞாபகம் இருக்கா? காலு நல்லா தேச்சி கழுவிகினுதான் கோயிலுக்குப் போவாரு, சாமியாரு கையில அழுக்குப் படக் கூடாதுன்னு.

சிலுவை இடது பக்கம்டா. அத மறந்துட்டியா? துரு ஒண்ணும் இல்ல. நூலு கொஞ்சம் விட்டிருந்துது, நானே தைச்சிட்டேன். கத்தி பத்திரமா இருக்குது, தினமும் துணிய விலக்கிப் பாத்துட்டு மூடிடறேன்.

எனக்கு முட்டி வலி ஜாஸ்தி. டாக்டரு மாடிப்படி ஏறாதன்னாரு. நம்ம லைன்ல எங்க மாடி இருக்குது, சிரிப்பு வந்துச்சு. கல்லறைக்கு சுண்ணாம்பு அடிக்கத்தான் குந்தி எழுந்திருக்க முடியாது. நீ வருவல்ல, நவம்பர் ரெண்டு? வந்தா நீயே அடிச்சிடு. உனக்குப் பன்னிக்கறி பண்றேன், மெளவு தூக்கலா, உனக்குப் புடிக்கிற மாதிரி. மௌரீன்கிட்ட சொல்லிடாத.

ஈஸ்டர் வாழ்த்து ரெண்டு பேருக்கும்.

அக்கா


ஸ்ரீ:

ஸ்ரீரங்கம்
22-4-96

நோயலுக்கு தேசிகன் ஆசீர்வாதம். க்ஷேமம். முழங்கால் அப்படியேதான். மாமி உம்மை விசாரித்தாள். குக்ரியை விசாரிக்கவில்லை.

உம்ம ரெண்டு கடுதாசியும் கிடைத்தது. ரெண்டாவதில் உங்க அக்கா எழுதினதை அப்படியே காப்பி பண்ணி அனுப்பியிருக்கீரே, என்னவோ ஜோக் மாதிரி. எனக்குச் சிரிப்பு வரலை ஓய். நூல் விட்டிருந்தது, நானே தைச்சேன்னு எழுதறா. ஒரு பொம்மனாட்டி இவ்வளவு சிரமப்பட்டு ஒரு பொய்யைத் தைக்கறான்னா, அதுக்கு ஏதோ காரணம் இருக்கணும். திருடி வித்தவளா இருந்தா, 'காணாமப் போச்சு'ன்னு ஒரு வரியில முடிச்சுட்டுப் போயிருப்பா.

இன்னொண்ணு கேக்கறேன். முத்திரை பாத்தீர், நெளிவு பாத்தீர், உறையை முகர்ந்துகூடப் பாத்திருப்பீர். யார் கையிலேர்ந்து யார் கைக்கு வந்ததுன்னு கேட்டீரா? சாய்பு யார்கிட்ட வாங்கினார், எந்த வருஷம்? ஒரு கத்தி வந்தா முதல்ல அதைத்தான் கேக்கணும்னு எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீர். அந்த 1917 கத்தியை நான் கண்ணை மூடிண்டு வாங்கினப்போ ஆறு மாசம் என்னைக் கேலி பண்ணினவராச்சே.

ரயில் ஏறிப் போய் நேரே கேளும். மூணு மணி நேரம்தானாமே. அக்கா ஐயா, அக்கா.

தேசிகன்


ஜோகுபாளையம்
6 மே 1996

அன்புள்ள அக்கா,

நலம். நூலை நீயே தைத்தாய் என்று படித்து நெகிழ்ந்து போனேன்.

இப்போது ஒரே ஒரு உபகாரம். கண்காட்சிக்கு முன்னால் முத்திரையைப் பதிவு செய்ய வேண்டும். கத்தியை அனுப்ப வேண்டாம், வழியில் எவனாவது அடித்துவிடுவான். சின்ன வயசில் காசு மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அதுபோல முத்திரை மேல் மெல்லிசு பேப்பரை வைத்துத் தேய்த்து, அந்தப் பேப்பரை மட்டும் கவரில் போட்டு அனுப்பு. ஐந்து நிமிஷ வேலை.

அது வந்தால்தான் நவம்பர் இரண்டாம் தேதி வருவதைப் பற்றி யோசிக்க முடியும். வந்து கத்தியையும் எடுத்துக்கொள்ளலாம் இல்லையா?

நோயல்


ஜோகுபாளையம்
17 ஜூன் 1996

அக்காவுக்கு,

ஆறு வாரம் ஆகிறது. பேப்பர் வரவில்லை. தினமும் துணியை விலக்கிப் பார்க்கிறவளுக்குப் பென்சில் கிடைக்கவில்லையா? உடம்புக்கு ஒன்றுமில்லையே?

நோயல்


சேசு மரி சூசை

சாம்பியன் ரீஃப்
9 ஜூலை 1996

தம்பி நோயலுக்கு,

கோச்சிக்காத. உடம்பு சரியில்ல, காய்ச்சலு, அப்புறம் மழை. நீ கேட்டத இதுல வச்சிருக்கேன். மொதல் பேப்பரு கிழிஞ்சிபோச்சி, ரெண்டாவது மை மாதிரி அப்பிக்கிச்சி, மூணாவதுதான் நல்லா வந்துச்சு. இங்கிலீசு எழுத்து எல்லாம் தெளிவா விழுந்திருக்குது பாரு. நான் கான்வென்ட்ல அஞ்சாவதோட நின்னவ, எனக்கு அதப் படிக்கத் தெரியல. ஆனா நீ பாத்தா சந்தோசப்படுவன்னு தெரியும்.

இப்ப வருவல்ல? யோசிக்கறேன்னு எழுதின. யோசிக்காதடா, வந்துடு. பக்கத்து வீட்டு டேவிட் அம்மாகிட்ட, என் தம்பி வரான்னு சொல்லிட்டேன்.

மௌரீனுக்கு சக்கரை எறங்குச்சா?

அக்கா


ஜோகுபாளையம்
14 ஜூலை 1996

அக்காவுக்கு,

நீ அனுப்பின பேப்பர் கிடைத்தது. மௌரீனிடம் காட்டினேன். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை, அது வேறு விஷயம்.

உனக்குப் படிக்கத் தெரியாது என்றாயே, நான் படித்துச் சொல்கிறேன். அதில் INDIA என்று போட்டிருக்கிறது. அம்பு இல்லை, 43 இல்லை, பட்டறை எழுத்து இல்லை. டூரிஸ்டுகளுக்கும் வாட்ச்மேன்களுக்கும் விற்கிற பஜார் கத்தியில்தான் இப்படிக் கொட்டை எழுத்தில் அடிப்பார்கள். எந்தக் கூர்க்காவின் காலைப் பிடித்து இதை வாங்கினாய்? முப்பது வருஷமாக இதே வேலையாக இருக்கிறவனிடம் இதை அனுப்ப உனக்குக் கொஞ்சமாவது கூச்சமாக இல்லையா?

அப்பாவின் கத்தி மார்ச் மாதத்திலிருந்து என் வீட்டு ஹாலில், நான் சாப்பிட உட்கார்ந்தால் எதிரே தெரிகிற சுவரில் மாட்டியிருக்கிறது. சண்டே பஜாரில் பல்புக் குவியலில் கிடந்ததை எடுத்து வந்தேன். சிலுவை இடது பக்கம்தான், அது ஒன்றை மட்டும் உண்மையாக எழுதினாய். நூல் விடவில்லை, நீ ஒன்றும் தைக்கவுமில்லை. நான் கேட்கக் கேட்க நீ அளந்துகொண்டே போனாய், நானும் உட்கார்ந்து படித்துக்கொண்டே இருந்தேன்.

அப்பா உன்னை நம்பி விட்டுப் போனார். அவர் கண் மூடினதும் தூக்கி வீசிவிட்டாய். யாரிடம் தள்ளினாய்? எதற்கு? என்னிடம் கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேனா? அப்பா கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றுகிற கையா இது? அந்தக் கல்லறைக்கு உன்னோடு வந்து நிற்க எனக்கு மனசில்லை. நவம்பரில் நான் வரமாட்டேன். டேவிட் அம்மாவிடம் அதையும் சொல்லிவிடு.

நோயல்


ஜோகுபாளையம்
10 அக்டோபர் 1996

அக்கா,

மூன்று மாதமாகப் பதில் இல்லை. திருட்டுத்தனம் வெளிப்பட்டதும் பேனா ஓடவில்லை போலிருக்கிறது. யாரிடம் விற்றாய் என்று மட்டும் எழுது. தேசிகன் என்று என் சிநேகிதர் ஒருவர், அது தெரியாமல் கத்தியைக் கண்காட்சியில் வைக்காதே என்று நச்சரிக்கிறார். அதற்காகத்தான் கேட்கிறேன், வேறு எதற்கும் இல்லை.

நோயல்


சேசு மரி சூசை

சாம்பியன் ரீஃப்
6 நவம்பர் 1996

தம்பி நோயலுக்கு அக்கா ஆரோக்கியமேரி எழுதிக்கறது. நான் சுகம். உங்க சுகத்துக்கு ஆண்டவரக் கேட்டுக்கறேன்.

எழுதவே கூடாதுன்னு இருந்தேன். கல்லறைத் திருநாளு வரைக்கும் பாத்தேன். ஒருவேள கோவத்துல எழுதியிருப்பான், வந்துடுவான்னு அன்னிக்குக் காலைல ஸ்டேஷன் வரைக்கும் போய் வண்டி வர்ற வரைக்கும் நின்னுகினு இருந்தேன், எனக்கு இன்னா புத்தி பாரு.

நீ கேட்டதுக்குப் பதில் சொல்றேன். நான் யாருக்கும் விக்கல. அப்பா கண்ண மூடினப்புறம் ஒண்ணும் நடக்கல. அவரு உயிரோட இருக்கும்போதே, ஆகஸ்ட் மாசமே கத்தி வீட்ட விட்டுப் போயிடுச்சி. குடுத்தது அவருதான்.

அவருக்குக் கடைசி வருஷம் கண்ணு சுத்தமா தெரியலன்னு உனக்குத் தெரியும். உன் லெட்டர நான்தான் படிச்சிக் காட்டுவேன். மேல 'அப்பா சுகமா'ன்னு ஒரு வரி இருக்கும். அதுக்குக் கீழ பூரா கத்தி. எண்ணெ போட்டியா, துரு புடிச்சிதா, முத்திர தெரியுதா. படிச்சி முடிச்சா, 'அவ்ளோதானா, வேற ஒண்ணும் எழுதலியா'ன்னு கேப்பாரு. நானா சேத்துப் படிப்பேன். 'அப்பாவப் பாக்கணும் போல இருக்குது, லீவு கிடைச்சதும் வரேன்'னு எழுதியிருக்கான்பேன். மூஞ்சி அப்படியே மலந்துடும். மறுநாளு ஷேவிங் பண்ணி விடுன்னுவாரு. அவன் வந்தா தாடியோட இருக்கக் கூடாதாம்.

ஆகஸ்ட்ல எனக்குக் காய்ச்சலு, எழுந்திருக்க முடியல. அன்னிக்குப் பாத்து உன் லெட்டரு வந்துது. அப்பா அவசரம் தாங்காம பக்கத்து வீட்டு டேவிடக் கூப்பிட்டு படிக்கச் சொல்லிட்டாரு. அந்தப் பையன் இருக்கறத இருக்கற மாதிரி படிச்சிட்டான். 'அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் கத்தி வேறு கைக்குப் போகாமல் பார்த்துக்கொள், எனக்கு உடனே தந்தி கொடு, வந்து எடுத்துக்கொள்கிறேன்.' இதான் நீ எழுதினது. நான் படுத்துகினே கேட்டுகினு இருந்தேன். டேவிட் மடிச்சி வச்சப்புறமும் அப்பா, 'லீவு கிடைச்சதும் வரேன்னு எழுதலியா தம்பி'ன்னு கேட்டாரு. இல்ல தாத்தான்னுட்டான்.

ரெண்டு நாளு ஷேவிங் பண்ணி விடுன்னு கேக்கல. மூணாவது நாளு தெருவுல பழைய இரும்புக்குப் பேரிச்சம்பழம்னு கூவிகினு சைக்கிள்காரன் வந்தான். சுவத்தத் தடவிகினே போனாரு. பெட்டியத் தொறந்து உறையோட எடுத்தாரு. நான் ஓடி வந்து கையப் புடிச்சேன், உதறிட்டாரு, அந்த வயசுலயும் பட்டாளத்துக் கைடா. அவன் தராசுல போட்டுப் பாத்துட்டு ஒரு பேப்பர்ல சுருட்டிப் பேரிச்சம்பழம் குடுத்தான். அப்பா ஒண்ணு வாயில போட்டுகினாரு. எனக்கு ஒண்ணு குடுத்தாரு. 'இதுக்குத்தான் ஆவும்'னாரு. சிரிச்சாரு. அப்புறம் அழுதாரு பாரு, அப்படி ஒரு அழுக நான் அம்மா செத்தப்பகூடப் பாக்கல.

அன்னிக்கு சாயங்காலம் என்னக் கூப்பிட்டு உக்கார வச்சி சொன்னாரு. 'கத்தி இல்லன்னு அவன்கிட்ட சொல்லாத. அது இருக்குதுன்னு நினைச்சாத்தான் உனக்கு லெட்டர் போடுவான். நான் போயிட்டா உனக்குன்னு யாரு இருக்கறாங்க. இருக்குது இருக்குதுன்னே சொல்லிகினு இரு'ன்னாரு.

அதான் சொல்லிகினு இருந்தேன். நான் அளந்துகினே போனேன்னு எழுதிட்ட, சரி. பங்களா கூர்க்காகிட்ட கெஞ்சினதும் உண்மைதான். கத்திய என் கையில குடுக்க மாட்டேன்னுட்டான், அவன் புடிச்சிகினு இருக்க நான் பென்சில்ல தேச்சேன். எனக்குக் கூச்சமா இல்லியான்னு கேட்ட. இல்லடா. நாலு மாசத்துக்கு ஒருக்கா ஒரு லெட்டரு வரும். உள்ள பூரா கத்தியப் பத்தி இருந்தாலும் மேல 'அன்புள்ள அக்கா'ன்னு இருக்கும்ல. எனக்கு அது போதுமா இருந்துது. அதையும் நீ உக்காந்து வேடிக்க பாத்துகினு இருந்திருக்க. அதத்தான் என்னால தாங்க முடியல.

அந்த சிநேகிதரு கேக்கறாருன்னு எழுதினியே, அவருக்கு சொல்லிடு. பர்மாவுல கூர்க்கா கையிலருந்து அப்பா கைக்கு, அப்பா கையிலருந்து இரும்புக்காரன் கைக்கு. அப்பா எடைக்குப் போட்டத நீ சந்தையில வாங்கியிருக்க. அவரு உனக்குக் குடுத்ததா யார்கிட்டயும் சொல்லிக்காத.

இந்த மைன்ஸ் வீட்ட இந்த மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாங்க. சிஸ்டருங்க மடத்துல சமையலுக்குக் கூப்பிட்டிருக்காங்க, போயிடுவேன். எந்த ஊருன்னு எழுதலாம்னு பாத்தேன். இப்ப கத்தி உன் வீட்டுலயே இருக்குது. எனக்கு எழுத உனக்கு ஒண்ணும் இல்ல.

மௌரீன மாத்திரய ஒழுங்கா சாப்பிடச் சொல்லு.

ஆரோக்கியமேரி